சாய்வு விளிம்பு: தோணிக் கலப்பத்து முதல் சிறுபட்டறை இயந்திரம் வரை

இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றாக இணைப்பதற்கு முன், அவற்றின் விளிம்புகளைச் செங்கோணமாக விடாமல் குறிப்பிட்ட கோணத்தில் சீவி எடுப்பது சாய்வு விளிம்பாக்கம் ஆகும். தமிழகப் பட்டறைகளில் இது ‘பெவல்’ என்ற ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குகிறது. இவ்வாறு சீவிய இரண்டு விளிம்புகளை எதிரெதிரே வைத்தால் நடுவில் ‘வி’ வடிவப் பள்ளம் உண்டாகும். பற்றவைக்கும் உலோகம் அந்தப் பள்ளத்தின் அடிவரை இறங்கி நிரம்பினால்தான் இணைப்பு தகட்டின் முழுத் தடிமனுக்கும் வலிமை பெறும். கொதிகலன், கப்பல், எரிபொருள் தொட்டி, பாலத் தூலம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

இந்தச் சிறு சாய்வின் வரலாற்றைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மரத் தோணி, நீராவிக் கப்பல், பெருந்துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகிய நான்கும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றும் தனக்கேற்ற விளிம்பைக் கேட்டது. அந்த விளிம்பைச் செய்யும் கருவி யாரிடம் இருந்தது என்பது ஒவ்வொரு காலத்திலும் முக்கியமான கேள்வியாக இருந்தது.

மரத்தில் இருந்த சாய்வு

தூத்துக்குடித் தோணிகள் பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவை. இவ்வகைக் கலங்களில் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேருமாறு அடுக்கப்படுகின்றன. உட்புறம் பலகைகள் ஒன்றோடொன்று இறுகத் தொட்டிருக்கும். வெளிப்புறம் சற்றே விரிந்திருக்கும். இந்த விரிவுக்காகவே தச்சர் பலகையின் ஓரத்தைச் சாய்வாக இழைப்பார். அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே பூச்சுப் பூசுவார்கள். இவ்வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல் இது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியரின் பல சொற்கள் இக்கரையின் பேச்சில் தங்கிவிட்டன. கடல்தொழில் சொற்களில் அவை மிகுதி.

இடுக்கு அளவுக்கு மீறி அகன்றிருந்தால் திரி உள்ளே நழுவிவிடும். குறுகியிருந்தால் திரி மேலோடு நின்றுவிடும். பார்வைக்கு நன்றாக அடைபட்டது போலத் தோன்றினாலும் அடியில் வெற்றிடம் இருக்கும். கடலுக்குள் சென்ற பிறகே குறை தெரியவரும். மேற்பரப்பு சரியாக இருந்தும் அடி நிரம்பாமல் போகும் இந்த ஆபத்து, பிற்காலத்தில் இரும்பிலும் எஃகிலும் அப்படியே தொடர்ந்தது.

கடினப் பொருளை அறுக்கும் தொழிலும் இக்கரைக்குப் பழையதே. கொற்கையில் அறுக்கப்பட்ட சங்குகள் கிடைத்துள்ளன. ஆயினும் பிற்காலத்தில் தூத்துக்குடியில் எடுக்கப்பட்ட சங்குகள் பெருமளவில் வங்காளத்துக்குச் சென்றன. டாக்கா நகரின் சங்குத் தொழிலாளர் பிறைவடிவ இரும்பு வாளால் அவற்றை அறுத்து வளையல் ஆக்கினர். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய ஆய்வு இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்துள்ளது. மூலப்பொருள் ஒரு கரையில், கருவியும் அதன் கூலியும் மற்றொரு கரையில் என்ற நிலை சங்கோடு நிற்கவில்லை.

ரிவெட் காலத்து விளிம்பு

19-ஆம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்களும் கொதிகலன்களும் ரிவெட் ஆணிகளால் இணைக்கப்பட்டன. ஒரு தகட்டின் ஓரத்தை மற்றொன்றின் மேல் ஏற்றி, துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி, தலையை அடித்துப் பரப்புவார்கள். ஆணி குளிரும்போது சுருங்கித் தகடுகளை நெருக்கிப் பிடிக்கும். 1837-இல் மான்செஸ்டரில் கொதிகலன் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, வில்லியம் ஃபேர்பேர்ன் ரிவெட் அடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இணைப்புகளின் வலிமையையும் அவர் அளந்தார். ஒற்றை வரிசை ரிவெட் இணைப்பு முழுத் தகட்டின் வலிமையில் 56 விழுக்காடும், இரட்டை வரிசை இணைப்பு 70 விழுக்காடும் தாங்கும் என்பது அவர் கண்ட முடிவு.

ரிவெட் மட்டும் நீரையோ நீராவியையோ தடுக்காது. மேலே படிந்த தகட்டின் ஓரத்தை மழுங்கிய உளியால் அடித்துக் கீழ்த்தகட்டோடு நெருக்க வேண்டும். மரக்கலத்தின் கலப்பத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய அதே சொல்லே இந்த இரும்பு வேலைக்கும் வழங்கியது. உளி சரியாகப் பதிய வேண்டுமானால் ஓரம் சீராகவும் சற்றே சாய்வாகவும் இருக்க வேண்டும். எனவே நல்ல கொதிகலன் தொழிற்சாலைகளில் தகட்டு விளிம்பைச் சீவுவதற்கென்றே நீண்ட இழைப்பு இயந்திரங்கள் வைக்கப்பட்டன. தகட்டு விளிம்பைச் சாய்வாகச் சீவும் இன்றைய இயந்திரத்தின் முன்னோடி இதுவே.

1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு பெற்றது. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்தன. கப்பல் சுதேசிகளுக்கு உரிமையானது. ஆனால் அது கட்டப்பட்ட இடம் வெளிநாடு. எஃகுத் தகட்டை உருட்டும் ஆலையோ, அதன் விளிம்பைச் சீவும் இயந்திரமோ, கப்பல் கட்டும் துறையோ தென்கோடிக் கரையில் அன்று இல்லை. 1908-இல் வ. உ. சி. சிறைப்பட்ட பின் கம்பெனி நலிந்து 1911-இல் கலைக்கப்பட்டது. அரசியல் அடக்குமுறையும் கட்டணப் போட்டியும் அதன் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணங்கள். எனினும் தொழில் வரலாற்றை நோக்குவோருக்கு மற்றொரு செய்தியும் இதில் உண்டு: கலத்தை வாங்குவது ஒன்று, கலத்தைச் செய்யும் கருவியைக் கைவசம் வைத்திருப்பது வேறொன்று.

ஒரு விளிம்பு உயிர் கொண்டது

1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பற்றியதில் 58 பேர் இறந்தனர். ஒரு தகட்டின் மேல் மற்றொன்றை ஏற்றி ரிவெட் அடிக்கும் முறையில் அந்தக் கொதிகலன் செய்யப்பட்டிருந்தது.

இவ்வகை இணைப்பில் உள்ள குறையை எளிதாக விளக்கலாம். தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால் உருளை சரியான வட்டமாக இருக்காது. நீராவி அழுத்தம் ஏறும்போது உருளை வட்டமாக முயலும். இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். நாள்தோறும் இணைப்பின் ஓரம் இவ்வாறு வளைந்து நிமிர்வதால், ஏறிய பகுதியின் அடியில் விரிசல் தோன்றும். மேல்தகடு மறைப்பதால் ஆய்வாளர் கண்ணுக்கு அது தெரியாது.

இவ்விபத்தும் இதைப் போன்ற பிற விபத்துகளும் மசாசூசெட்ஸில் கொதிகலன் சட்டத்துக்கும், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 1914-ஆம் ஆண்டுக் கொதிகலன் விதித்தொகுப்புக்கும் வழிவகுத்தன. இந்தியாவில் 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டமும் 1950-இல் கொதிகலன் ஒழுங்குமுறைகளும் வந்தன. பழைய சட்டத்தின் இடத்தை 2025-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் எடுத்துக்கொண்டது. விளிம்பை எந்தக் கோணத்தில் சீவுவது, யார் பற்றவைப்பது, எப்படிச் சோதிப்பது என்பவை தொழிலாளியின் விருப்பத்துக்கு விடப்படாமல் விதிக்கு உட்பட்டதற்குப் பின்னால் இத்தகைய மரணங்கள் உள்ளன.

பற்றவைப்பு வந்தபின்

மின்வில்லைக் கொண்டு உலோகத்தை இணைக்கும் முறையை 1880-களில் உருசியப் பேரரசில் பெனார்டோசும், அவரைத் தொடர்ந்து சிலாவியானோவும் உருவாக்கினர். சுவீடனின் ஆஸ்கர் செல்பெரி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்பூச்சுள்ள பற்றுக்கம்பியைக் கொண்டுவந்தார். பூச்சு எரியும்போது எழும் வாயு, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும். 1920-இல் பிரிட்டனின் பிர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்ட ஃபுல்லகர், முழுவதும் பற்றவைக்கப்பட்ட முதல் கடல்கப்பல் எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைப் பற்றவைப்பு முறையில் கட்டி முடித்தது. வேகத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1943 சனவரி 16 அன்று, போர்ட்லண்டு நகரத் துறையில் அசையாமல் நின்றிருந்த சினெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. குளிரில் எளிதில் முறியும் எஃகு, கூர்மூலைகளில் குவியும் விசை, பற்றவைப்புக் குறைகள் ஆகியவை இத்தகைய முறிவுகளுக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நிற்க வாய்ப்புண்டு. பற்றவைத்த கப்பலில் எல்லாத் தகடுகளும் ஒரே உடலாகிவிடுவதால் விரிசல் தடையின்றி ஓடும். ஆகவே இணைப்பின் ஒவ்வோர் அங்குலமும் அடிவரை உருகிச் சேர்ந்திருப்பது இன்றியமையாததாயிற்று. சாய்வு விளிம்பின் மதிப்பு இங்கேதான் பன்மடங்கு உயர்ந்தது.

திருச்சியும் தூத்துக்குடியும்

தமிழகத்தில் இத்துறையின் திருப்புமுனை திருச்சிராப்பள்ளி. செக்கோசுலோவாக்கியாவின் உதவியோடு அமைந்த உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் இயங்கத் தொடங்கியது. பெல் நிறுவனத்தின் பகுதி அது. 1975-இல் அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் ஏற்பட்டது. பேராலையைச் சுற்றி அதற்கு வேலை செய்துதரும் சிறு உலோகப் பட்டறைகள் பெருகின. கோணமும் அளவும் எழுத்தில் கொடுக்கப்பட்டு, ஆய்வாளர் அளந்து ஏற்கும் வேலைமுறைக்குச் சிறு பட்டறைகள் பழகியது இதன் முக்கிய விளைவு.

அதே பத்தாண்டில் தூத்துக்குடியின் முகமும் மாறியது. 1974 சூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1975-இல் உர ஆலையும், அதையொட்டி 1978-இல் கனநீர் ஆலையும் இயங்கத் தொடங்கின. அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகள் முடிந்தபோது மொத்தத் திறன் 1,050 மெகாவாட் ஆயிற்று. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிருந்த ஊரில் குழாய், தொட்டி, தாங்குச் சட்டம், நிலக்கரி ஏற்றும் அமைப்பு எனப் பற்றவைப்பு வேலை பெருகியது.

உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் எஃகு விரைவாகத் துருப்பிடிக்கும். புதிய கட்டுமானம் முடிந்தாலும் தகட்டை வெட்டி மாற்றும் பழுதுவேலை முடிவதில்லை. மாற்றப்படும் ஒவ்வொரு தகட்டுக்கும் விளிம்பு சீவியாக வேண்டும்.

ஐந்து பாகையின் கணக்கு

சாய்வு சற்று முன்பின் இருந்தால் என்ன கேடு என்ற கேள்விக்குப் பள்ளிக் கணிதமே விடை தரும். 12 மி.மீ. தடிமனுள்ள இரு தகடுகளை எடுத்துக்கொள்வோம். அடியில் 2 மி.மீ. உயரம் சீவாமல் விடப்படுகிறது, இது வேர்முகம். தகடுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி, இது வேர் இடைவெளி. மேலுள்ள 10 மி.மீ. உயரம் ஒவ்வொரு பக்கமும் 30 பாகை சாய்வாகச் சீவப்படுகிறது.

பள்ளத்தின் குறுக்குப் பரப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. நடுவில் உள்ள செவ்வகம் 2 × 12 = 24 சதுர மி.மீ. இரு பக்க முக்கோணங்களும் சேர்ந்து 10 × 10 × 0.577 = 57.7 சதுர மி.மீ. மொத்தம் 81.7 சதுர மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு நிரப்ப வேண்டிய எஃகு ஏறத்தாழ 641 கிராம்.

சாய்வு 30-க்குப் பதிலாக 35 பாகை ஆகிவிட்டால் முக்கோணப் பரப்பு 70 ஆகவும் மொத்தம் 94 ஆகவும் உயரும். நிரப்ப வேண்டிய எஃகு 738 கிராம். அதாவது ஐந்து பாகைப் பிழைக்கு மீட்டருக்கு 97 கிராம், சுமார் 15 விழுக்காடு, கூடுதல். பற்றுக்கம்பி, மின்சாரம், நேரம் மூன்றும் அதே அளவில் கூடும். வெப்பம் மிகுவதால் தகடு கோணுவதும் மிகும்.

மறுபக்கம் 25 பாகையாகக் குறைந்தால் பரப்பு 70.6 சதுர மி.மீ. ஆகிறது, கம்பி மிச்சம். ஆனால் பற்றுக்கம்பியின் நுனி பள்ளத்தின் அடியை எட்டுவது கடினமாகும். மேலே அழகான வரிகள் விழுந்திருக்க, அடியில் இரு தகடுகளும் சேராமலே நின்றுவிடும். கூடினால் பணம் போகும். குறைந்தால் பாதுகாப்பு போகும். குழாய் முனைகளுக்கு நடுத்தரத் தடிமன்களில் 37.5 பாகை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

கைக் கிரைண்டரால் சீவும்போது சிக்கல் எழுவது இங்கேதான். தேர்ந்த தொழிலாளியின் கை முதல் அரைமணி நேரம் கோணத்தைக் காக்கும். களைப்பு ஏற ஏறக் கோணம் அலையும். சக்கரத்தின் இரைச்சலும் தூசும் அதிர்வும் உடலைப் பாதிக்கும். வாயு வெட்டு முறையில் கைவிளக்கைச் சாய்த்து வண்டியில் ஓட்டினால் மெல்லெஃகில் நல்ல சாய்வு கிடைக்கும்; ஆனால் கசடையும் வெந்த மேற்படலத்தையும் மீண்டும் தேய்த்து எடுக்க வேண்டும். துருப்பிடிக்கா எஃகையும் அலுமினியத்தையும் ஆக்சிஜன் வெட்டு முறையால் சீராக அறுக்க முடியாது. எனவே வெட்டுப்பல்லால் சீவும் இயந்திரத்தின் தேவை எழுகிறது.

தன் இயந்திரத்தைத் தானே செய்த பட்டறைகள்

சந்தையில் விற்கும் இயந்திரம் விலை மிகுந்தது அல்லது பட்டறையின் வேலைக்குப் பொருந்தாதது என்ற நிலையில், தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்வது உலகெங்கும் சிறு பட்டறைகளின் மரபு. அதன் சிறந்த சான்று மான்செஸ்டரின் ரிச்சர்டு ராபர்ட்ஸ். 1817-இல் அவர் உலோகத்தை இழைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். தட்டையான பரப்பை உண்டாக்கும் இயந்திரம் அதற்குமுன் அவரிடம் இல்லை. ஆகவே அதன் படுகையையும் வழிகளையும் உளியாலும் அரத்தாலும் கையாலேயே தட்டையாக்கினார். இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த இயந்திரத்தில் கைக்கருவியின் தடங்களை இன்றும் காணலாம்.

இலண்டனில் ஜோசப் கிளெமன்ட் 1825-இல் தன் சிறு பட்டறைக்கென ஓர் இழைப்பு இயந்திரத்தை முடித்தார். சார்லஸ் பாபேஜின் கணக்கீட்டு இயந்திரத்துக்கான உறுப்புகளைச் செய்த பட்டறை அது. பிற தொழிற்சாலைகளின் இழைப்பு வேலையைக் கூலிக்கு ஏற்றும் அவர் பொருளீட்டினார். தனக்காகச் செய்த கருவி, பிறர் தேடிவரும் தொழிலாக மாறியது.

தமிழகத்தில் இம்மரபு கோயம்புத்தூரில் வேரூன்றியது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடமும், 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டாரும் அதன் அடையாளங்கள். உள்நாட்டு மோட்டாரும் மின்சாரமும் சேர்ந்தே பட்டறைக்காரரைச் சுதந்திரமாக்கின. நெல்லை வட்டாரத்துக்கு 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. நீராவி எந்திரம் இல்லாமல், ஒரு சிறு கொட்டகையில் ஒரு மோட்டாரைக் கொண்டு ஓர் இயந்திரத்தை ஓட்டுவது அதன்பிறகே எளிதாயிற்று.

இயந்திரத்தின் அமைப்பு

சிறு பட்டறையில் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை நீளமுள்ள தகடுகளுக்கு ஏற்ற விளிம்பு இயந்திரம் ஐந்து பகுதிகளைக் கொண்டது.

முதலாவது படுகை. கனமான எஃகுச் சேனல்களைப் பற்றவைத்துச் சட்டம் ஆக்குவர். பற்றவைத்த சூட்டில் சட்டம் கோணும் என்பதால், வழித்தண்டுகள் அமரும் பரப்புகளைப் பற்றவைப்பு முழுவதும் முடிந்த பின்னரே சமப்படுத்த வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் பிறகு எந்தத் திருகாணியாலும் நேராக்க முடியாது.

இரண்டாவது பிடிப்பு. தகட்டை மேசையோரத்தில் வைத்து மேலிருந்து அழுத்தும் கவ்விகள் நெருக்கமாக அமைய வேண்டும். தகடு நடுவில் சிறிது எழும்பினாலும் வேர்முகத்தின் உயரம் அங்கே மாறிவிடும்.

மூன்றாவது வெட்டுத்தலை. கடினப் பற்கள் பொருத்திய மில்லிங் கட்டர் இதில் சுழலும். வெட்டு வேகம் என்பது கட்டரின் விட்டத்தையும் சுழற்சியையும் பொறுத்தது. 63 மி.மீ. விட்டமுள்ள கட்டர் நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால், பல்லின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 119 மீட்டர். மெல்லெஃகுக்கு இது பொருத்தமான வேகம். சாதாரண மோட்டார் 1,440 சுற்று சுழலும்; 80 மி.மீ., 192 மி.மீ. கப்பிகளை இணைத்தால் சுற்று 600 ஆகக் குறையும். தலையைத் தாங்கும் தட்டு ஓர் அச்சில் சாய்ந்து திரும்பும், 30, 37.5, 45 பாகைகளில் உறுதியான தடைமுளைகள் இருக்க வேண்டும். கண்ணளவில் திருப்பிப் பூட்டும் அமைப்பு, கிரைண்டரின் அலைச்சலையே இயந்திரத்துக்குள் கொண்டுவரும்.

நான்காவது ஓட்டம். ஆறு பற்களுள்ள கட்டரில் ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. சீவினால், தலை நிமிடத்துக்கு 6 × 0.1 × 600 = 360 மி.மீ. நகர வேண்டும். 5 மி.மீ. புரியிடைத் திருகுதண்டு நிமிடத்துக்கு 72 சுற்று சுழன்றால் இந்த வேகம் கிடைக்கும். ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். நான்கு ஓட்டங்களாகப் பிரித்தாலும் சுமார் 11 நிமிடத்தில் விளிம்பு முடியும்.

ஐந்தாவது காப்பு. இது பின்னால் சேர்க்கும் அணிகலன் அன்று. முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டிய உறுப்பு.

பெரிய மோட்டார் போட்டால் நன்றாகச் சீவும் என்பது பரவலான எண்ணம். மேற்சொன்ன 12 மி.மீ. தகட்டில் நீக்க வேண்டிய முக்கோணத்தின் பரப்பு 28.9 சதுர மி.மீ. அதை ஒரே ஓட்டத்தில் சீவினாலும் நிமிடத்துக்கு 10 கன செ.மீ. அளவே நீங்கும். அதற்கு ஒரு குதிரைத்திறன் அளவே போதுமானது. தடையாவது திறன் அன்று, விறைப்பின்மை. சட்டம் மெலிந்திருந்தால் கட்டர் அதிரும். பரப்பில் அலையலையான தடம் விழும். கடினப் பற்கள் உடையும். பல ஓட்டங்களாகப் பிரிப்பதன் காரணமும் இதுவே. பழைய கடைசல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புப் படுகையைத் தேடி வாங்கி அதன்மேல் புது இயந்திரத்தைக் கட்டுவது புத்திசாலித்தனமாகக் கருதப்படுவதற்கும் இதுவே காரணம். வார்ப்பிரும்பு அதிர்வை நன்கு உள்வாங்கும்.

வெட்டும் திசையும் முக்கியமானது. திருகுதண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறு தளர்வு இருந்தே தீரும். கட்டர் சுழலும் திசையிலேயே தலை இழுபடுமானால், அத்தளர்வால் தலை திடீரென முன்னே பாய்ந்து பற்கள் சிதறக்கூடும். எனவே எளிய திருகுதண்டு உள்ள இயந்திரங்களில் எதிர்த்திசை வெட்டே ஏற்றது.

காப்பும் சோதனையும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. தொழிலாளர் எண்ணிக்கை குறைவால் ஒரு பட்டறை சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கலாம். சுழலும் கட்டருக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடையில் வாங்கும் இயந்திரத்தில் தடுப்பும் அவசர நிறுத்தமும் உடன்வரும். தானே செய்யும் இயந்திரத்தில் அவற்றைச் செய்பவரே சேர்க்க வேண்டும். கட்டரை மூடும் உறை, சூடான சீவல் தெறிக்காத தகடு, கைக்கெட்டும் சிவப்புப் பொத்தான், மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது தானே ஓடத் தொடங்காத ஸ்டார்ட்டர், நிலக்கம்பி இணைப்பு ஆகிய ஐந்தும் குறைந்த அளவுத் தேவைகள். சுழலும் கட்டரின் அருகே கையுறை அணியலாகாது. கையுறையின் நூல் சிக்கினால் கையும் உடன் போகும். கண்ணாடி கட்டாயம்.

இயந்திரம் சரியானதா என்பதைப் பளபளக்கும் விளிம்பு காட்டாது. ஒரே தகட்டிலிருந்து இரு துண்டுகளை வெட்டி, விளிம்பு சீவி, கோணத்தையும் வேர்முகத்தையும் நீளம் முழுவதும் பல இடங்களில் அளக்க வேண்டும். பின்னர் அவற்றைப் பற்றவைத்துக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை மெருகேற்றி நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசல் தடவினால் பற்றவைப்பின் எல்லை தெளிவாகத் தெரியும். அடி சேர்ந்திருக்கிறதா என்பதை அப்போது வெறுங்கண்ணாலேயே காணலாம். மற்றொரு துண்டை வேர்ப்பக்கம் வெளியே வருமாறு வளைத்தால், சேராத இடம் வாய்பிளந்து காட்டும்.

இன்றைய நிலை

கணினி வழி இயங்கும் பிளாஸ்மா வெட்டு இயந்திரங்கள் இன்று தகட்டை வெட்டும்போதே விளிம்பையும் சாய்த்துவிடுகின்றன. கையில் தூக்கிச் செல்லும் விளிம்பு மில்லிங் கருவிகளும் குழாய்முனைக் கருவிகளும் சந்தையில் உள்ளன. பலவகைத் தகடுகளில் சிறிது சிறிதாக வேலை வரும் பட்டறைக்கு அவற்றை வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது பொருத்தமானது. ஒரே அளவுத் தகட்டில் தொடர்ந்து வேலை வரும் பட்டறைக்கு, அந்த அளவுக்கென்றே கட்டிய எளிய இயந்திரம் இலாபகரமானது. எல்லாவற்றையும் செய்ய முயலும் சொந்த இயந்திரங்கள் பெரும்பாலும் எதையும் துல்லியமாகச் செய்வதில்லை.

சொந்த இயந்திரத்தின் பயன் செலவுக் கணக்கோடு முடிவதில்லை. அதைக் கட்டியவருக்கு அதன் ஒவ்வொரு தாங்கியும் தளர்வும் தெரியும். பழுதானால் வெளியூர் ஆள் வரும்வரை வேலை நிற்காது. தூத்துக்குடித் தோணித் தச்சர் தன் உளியைத் தானே தீட்டி, தன் பலகையின் சாய்வைத் தானே இழைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த மரபும் இத்தகையதே. மரம் எஃகாகவும் உளி கட்டராகவும் மாறிய பின்னரும் வேலையைச் சோதிக்கும் இடம் மாறவில்லை. அது பள்ளத்தின் அடி.